ஒரே பெயர், வேறு வேறு ஆறுகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வேலை கிடைத்துக் கனடாவுக்குப் போன என் அக்கா மகன், போய்ச் சேர்ந்த இரண்டாம் வாரத்தில் ஒரு படம் அனுப்பினான். பனி ஒட்டிய கரை, இலை உதிர்ந்த மரங்கள், நடுவில் சாம்பல் நிறத்தில் ஓர் ஆறு. கீழே “லண்டன், தேம்ஸ் நதிக்கரை” என்று எழுதியிருந்தான். அக்கா பதறிப்போய் எனக்குப் போன் செய்தார். “கனடா என்றுதானே சொல்லிவிட்டுப் போனான், இங்கிலாந்துக்கு எதற்குப் போனான்?”

அவன் எங்கும் போகவில்லை. கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் லண்டன் என்று ஒரு நகரம் இருக்கிறது. அதன் நடுவே ஓடும் ஆற்றின் பெயரும் தேம்ஸ்தான். ஆற்றுப் பெயர்களைத் தேடித் தேடிப் படிப்பது எனக்கு நெடுநாள் பழக்கம். அன்று அக்காவுக்கு விளக்கம் சொன்னதிலிருந்து வீட்டிலும் வெளியிலும் இதுபற்றிக் கேட்பவர்கள் கூடிவிட்டார்கள். கேட்கப்பட்ட கேள்விகளையும் என் பதில்களையும் இங்கே எழுதி வைக்கிறேன்.

இரண்டு நாடுகளில் ஒரே பெயர் என்றால், எல்லை தாண்டி ஓடும் ஒரே ஆறுதானே அது?

சில இடங்களில் அப்படித்தான். டான்யூப் 10 நாடுகளைத் தொட்டுக்கொண்டு ஓடுகிறது, மீகாங் 6 நாடுகளில் ஓடுகிறது. அவை ஒரே ஆறு, ஒரே நீர். இங்கே நான் பேசுவது வேறு வகை. ஒன்றின் நீர் மற்றொன்றில் சேரவே வழியில்லாத, சில சமயம் கடல்களுக்கு அப்பால் இருக்கிற ஆறுகள் ஒரே பெயரைச் சுமந்துகொண்டிருப்பதைப் பற்றி.

உலகத்தில் இத்தனை சொற்கள் இருக்க, ஏன் ஒரே பெயரை வைக்கிறார்கள்?

பல ஆறுகளுக்கு யாரும் பெயரே வைக்கவில்லை என்பதுதான் முதல் காரணம். ஊரை ஒட்டி ஓர் ஆறு ஓடினால், ஊர்க்காரர் “ஆற்றுக்குக் குளிக்கப் போகிறேன்” என்றுதான் சொல்வார், எந்த ஆறு என்று சொல்ல மாட்டார். வெளியூரிலிருந்து, அதுவும் வேறு மொழி பேசுகிறவர் வந்து “இது என்ன?” என்று கேட்டால் பதில் “ஆறு”. வந்தவர் அதையே பெயராக எழுதிக்கொள்கிறார்.

இங்கிலாந்தின் ஏவன் ஆறுகள் இப்படி வந்தவைதான். வேல்ஸ் மொழியில் இன்றும் ஆற்றுக்கு “அவோன்” என்று பெயர். ஆங்கிலேயருக்கு முன் அந்த மண்ணில் இருந்த பிரித்தானிய மக்களின் மொழியும் இதன் மூதாதைதான். அதனால்தான் ஷேக்ஸ்பியர் பிறந்த ஸ்ட்ராட்ஃபோர்டில் ஓர் ஏவன், பிரிஸ்டலில் ஓர் ஏவன், சாலிஸ்பரியில் ஓர் ஏவன், டெவனில் ஓர் ஏவன் என்று வரிசையாக இருக்கின்றன. ஸ்காட்லாந்திலும் உண்டு. “ஏவன் ஆறு” என்று சொன்னால் “ஆறு ஆறு” என்றுதான் பொருள். நாம் “பாலாற்று ஆறு” என்று சொன்னால் எப்படி இருக்குமோ அப்படி.

இலங்கையில் எல்லா ஆறும் கங்கை என்று முடிகிறதே, அவற்றுக்கும் நம் கங்கைக்கும் தொடர்பு உண்டா?

சொல்லில் உண்டு, நீரில் இல்லை. சிங்களத்தில் “கங்க” என்பது பெரிய ஆற்றுக்குப் பொதுச்சொல். அதைவிடச் சிறியதை “ஓய” என்பார்கள். வட இந்தியாவில் ஒரே ஒரு நதிக்கு உரிய பெயர், கடல் தாண்டியதும் பொதுச்சொல்லாகிவிட்டது. மகாவலி கங்கை, களனி கங்கை, களு கங்கை, வளவை கங்கை எல்லாம் அப்படி வந்தவை. மகாவலி 335 கிலோமீட்டர் ஓடி, திருகோணமலைக்குப் பக்கத்தில் கொட்டியாரக் குடாவில் கடலோடு சேர்கிறது. அந்நாட்டின் மிக நீளமான ஆறு அதுதான்.

தமிழர் வாழும் பகுதிக்கு வந்தால் சொல் மாறிவிடுகிறது. கனகராயன் ஆறு, பாலி ஆறு, பறங்கி ஆறு என்று “ஆறு” வந்துவிடுகிறது. அநுராதபுரத்தை ஒட்டி ஓடும் மல்வத்து ஓயா, மன்னார்ப் பக்கம் வந்ததும் அருவி ஆறு. ஒரே நீர் இரண்டு மொழிகளில் இரண்டு பெயர் பெறுவதை ஒரே நாளில் கரையோடு பயணம் செய்து பார்த்துவிடலாம்.

ரஷ்யாவின் டான், ஸ்காட்லாந்தின் டான், டொராண்டோவின் டான்: மூன்றும் ஒரே பெயரா?

கேட்டால் ஒன்றுபோல இருக்கும். வேர் பார்த்தால் கதை மாறும். ரஷ்யாவின் டான் 1,870 கிலோமீட்டர் ஓடி அசோவ் கடலில் விழுகிறது. அந்தப் புல்வெளிகளில் ஒரு காலத்தில் ஈரானிய மொழி பேசும் மக்கள் வாழ்ந்தார்கள். அவர்களுக்கு “டானு” என்றால் ஆறு. அவர்களின் மொழிவழி வந்த ஒஸ்ஸேத்தியர்கள் காக்கசஸ் மலைகளில் இன்றும் தண்ணீரை “டான்” என்றே சொல்கிறார்கள். டினீப்பர், டினீஸ்டர் என்ற பெயர்களின் முன்பகுதியிலும் இதே சொல்தான் ஒளிந்திருக்கிறது.

இங்கிலாந்தின் யார்க்‌ஷயரில் ஓடும் டானும், கெல்திக் மொழி வழியாக, அதே பழைய வேருக்கே போகிறது. டொராண்டோவின் டான் இந்த யார்க்‌ஷயர் டானைப் பார்த்து வைத்த பெயர். ஆனால் ஸ்காட்லாந்தில் அபர்தீன் பக்கம் ஓடும் டான் இந்த வரிசையில் இல்லை. அதன் பழைய வடிவம் “தெவோனா”, தேவதை என்று பொருள். காலம் தேய்த்துத் தேய்த்து அதுவும் டான் ஆகிவிட்டது. இரண்டு சொற்கள் ஒன்றுபோல ஒலிக்கின்றன என்பதற்காக உறவு சொல்லிவிடக் கூடாது என்று யாருக்காவது காட்ட வேண்டுமானால், நான் இந்த டானைத்தான் காட்டுவேன்.

வங்கதேசத்தின் ஜமுனா, தில்லியின் யமுனைதானா?

இல்லை. அடிக்கடி குழப்பம் வருவது இங்கேதான், எனக்கு மிகவும் பிடித்த கதையும் இதுதான். அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

தில்லி, மதுரா, ஆக்ரா வழியாக வரும் யமுனை 1,376 கிலோமீட்டர் ஓடிப் பிரயாகையில் கங்கையோடு சேர்ந்து, அங்கேயே பெயரை இழந்துவிடுகிறது. வங்கதேசத்தின் ஜமுனா, பிரம்மபுத்திராவின் இன்றைய முதன்மை ஓட்டம். வங்காளி எழுத்தில் எழுதும்போது இரண்டுக்கும் எழுத்துகள் ஒன்றே. தமிழில்தான் நாம் ஒன்றை யமுனை என்றும் மற்றதை ஜமுனா என்றும் எழுதி, நம்மை அறியாமலேயே நல்ல வேறுபாடு செய்துகொண்டோம்.

18-ஆம் நூற்றாண்டின் நடுவில் இப்படி இல்லை. அந்த நூற்றாண்டில் வங்காளத்தை அளந்து வரைந்த ஜேம்ஸ் ரென்னலின் வரைபடத்தில், பிரம்மபுத்திரா மதுபூர் மேட்டு நிலத்துக்குக் கிழக்கே, மைமன்சிங் வழியாகப் போகிறது. மேற்கே ஒரு சிற்றாறு மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. 1787-இல் தீஸ்தாவில் பெருவெள்ளம் வந்து, அந்த ஆறு தன் பாதையை மாற்றிக்கொண்டு பிரம்மபுத்திராவில் வந்து விழுந்தது. அடுத்த சில பத்தாண்டுகளில் பிரம்மபுத்திராவின் பெருநீர் மெல்ல மெல்ல மேற்கே நகர்ந்து, அந்தச் சிற்றாற்றின் தடத்தைப் பிடித்துக்கொண்டது. பழைய பாதை மெலிந்துவிட்டது. “பழைய பிரம்மபுத்திரா” என்ற பெயரோடு அது இன்றும் மைமன்சிங்கை ஒட்டி ஓடுகிறது. புதுப் பாதைக்கு ஜமுனா என்ற பெயர் நிலைத்தது. மழைக்காலத்தில் பல கிலோமீட்டர் அகலத்துக்குப் பரந்து கிடக்கும் அதன்மேல் 1998-இல் திறந்த பாலம் 4.8 கிலோமீட்டர் நீளம்.

இந்த ஜமுனா போய்ச் சேருவது எங்கே? கோவாலந்தோ அருகே பத்மாவில். பத்மா என்பது வங்கதேசத்துக்குள் நுழைந்த கங்கையின் பெயர். ஆக, கங்கை தன் வழியில் ஒரு யமுனையைப் பிரயாகையில் சேர்த்துக்கொள்கிறது, ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் ஓடியபின் இன்னொரு யமுனையை வங்கத்தில் சேர்த்துக்கொள்கிறது. முதன்முதலில் வரைபடத்தில் விரலை வைத்து இதைத் தொடர்ந்து பார்த்தபோது எனக்கு மெய்சிலிர்த்தது.

இன்னும் ஒன்று இருக்கிறது. மேற்கு வங்காளத்தின் ஹூக்ளி மாவட்டத்தில் திரிவேணி என்று ஓர் ஊர். பிரயாகையில் மூன்று நதிகள் கூடுகின்றன என்பது நம்பிக்கை, அதை யுக்தவேணி என்பார்கள். வங்காளத் திரிவேணியில் அவை பிரிகின்றன, அது முக்தவேணி. அங்கே கங்கையிலிருந்து பிரியும் கிளைகளின் பெயர்கள் சரஸ்வதி, ஜமுனா. பின்னிய சடை வடக்கே கூடி, கடலுக்கு முன்னால் அவிழ்கிறது என்று பார்த்தவர்களின் கற்பனையை என்னவென்று சொல்வது!

சரஸ்வதி, சரயு போன்ற பெயர்கள் ஆப்கானிஸ்தானிலும் இருக்கின்றனவாமே?

இருக்கின்றன, ஆனால் உருமாறி. வடமொழியில் “ச” வரும் இடத்தில் பழைய ஈரானிய மொழிகளில் “ஹ” வரும். சிந்து அங்கே ஹிந்து ஆனது இப்படித்தான். அதே விதிப்படி சரஸ்வதி என்ற பெயர், பழைய ஈரானியரின் மறைநூலான அவெஸ்தாவில் ஹரக்வைதி. காந்தஹார்ப் பகுதியைக் கிரேக்கர்கள் அரக்கோசியா என்றதும் இதிலிருந்துதான். இன்றைய அர்கந்தாப் ஆற்றை அந்த ஹரக்வைதியோடு சேர்த்துப் பார்க்கிறார்கள். அயோத்தியின் சரயுவுக்கு இணையான பெயர், ஹேராத் நகரை வளமாக்கும் ஹரி ருத். “ருத்” என்றால் பாரசீகத்தில் ஆறு. இந்தப் பெயர்கள் இரு பக்கத்துக்கும் பொதுவானவை என்பதில் மொழியியலாளர்களுக்கு ஐயம் இல்லை.

கோமதியின் கதையும் இதை ஒட்டியதே. ரிக்வேதத்தின் நதித் துதியில் கோமதி, குபா, குருமு என்ற பெயர்கள் சிந்துவின் மேற்குக் கரைத் துணையாறுகளாக வருகின்றன. குபா இன்றைய காபூல் ஆறு, குருமு குர்ரம், கோமதி கோமல். பிறகு லக்னோவில் ஒரு கோமதி, துவாரகையில் ஒரு கோமதி, திரிபுராவில் தொடங்கி வங்கதேசத்தின் கொமில்லா வழியாக மேக்னாவில் சேரும் ஒரு கோமதி. “பசுக்கள் நிறைந்தது” என்று பொருள்படும் பெயர், மேய்ச்சல் நிலம் உள்ள எந்த ஆற்றுக்கும் பொருந்தும்.

2024 ஆகஸ்டில் கோமதி பெருக்கெடுத்து திரிபுராவும் கொமில்லாவும் வெள்ளத்தில் தத்தளித்தபோது, லக்னோவில் வெள்ளமா என்று என்னிடம் இரண்டு பேர் கேட்டார்கள். பெயரோடு ஊரையும் சேர்த்துச் சொல்ல வேண்டும் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான்.

கருப்பு, சிவப்பு, வெள்ளை என்று நிறத்தால் வரும் பெயர்கள் எப்படி?

மொழி எதுவானாலும் மனிதன் ஆற்றைப் பார்த்ததும் முதலில் சொல்வது அதன் நிறத்தைத்தான். அதனால் இந்த வகையில் பெயர் ஒற்றுமை மிக அதிகம். ரியோ நீக்ரோ என்றால் ஸ்பானியத்திலும் போர்த்துகீசியத்திலும் கருப்பாறு. பிரேசிலில் ஒன்று, அர்ஜென்டினாவில் ஒன்று, உருகுவேயில் ஒன்று. களு கங்கையின் “களு”வுக்கும் கருப்பு என்றே பொருள்.

பிரேசிலின் ரியோ நீக்ரோவுக்கு அந்தப் பெயர் வைத்தவர், 1542-இல் அமேசான் வழியாக மிதந்து வந்த ஸ்பானியர் ஓரெயானா. அதில் அழுக்கு இல்லை. காட்டில் உதிர்ந்த இலைகள் ஊறி இறங்கிய சாறுதான் அந்த நிறம். கடுங்காபி நிறத்தில் இருக்கும் ஆற்றிலிருந்து ஒரு கண்ணாடிக் குவளையில் எடுத்தால் லேசான தேயிலைத் தண்ணீர் போலத் தெரியும். மனாவுஸ் நகருக்குக் கீழே அது, சேறு கரைந்த பழுப்பு நிற சொலிமோயிஸோடு (அமேசானின் மேல்பகுதிக்குப் பிரேசிலில் வழங்கும் பெயர்) சந்திக்கிறது. சந்தித்த உடனே கலப்பதில்லை. ஒரு பக்கம் கருப்பு, ஒரு பக்கம் பழுப்பு என்று நடுவில் கோடு போட்டதுபோல ஏறத்தாழ 6 கிலோமீட்டர் பக்கம் பக்கமாக ஓடுகின்றன. கருநீர் வெதுவெதுப்பானது, மெதுவாக வருவது. பழுப்பு நீர் குளிர்ந்தது, வேகமானது, கனமானது. படகில் போகிறவர்கள் கோட்டைத் தாண்டும்போது கையை நீரில் விட்டுப் பார்ப்பார்கள். ஒரு நொடியில் விரல்களில் குளிர் ஏறும்.

அர்ஜென்டினாவின் ரியோ நீக்ரோவைப் பார்க்கப் போகிறவர் ஏமாந்துபோவார். அது பச்சை கலந்த தெளிந்த நீர். அங்கே வாழ்ந்த மபூச்சே மக்கள் தங்கள் மொழியில் கருப்பாறு என்றார்கள். வந்தவர்கள் அதை அப்படியே மொழிபெயர்த்துக்கொண்டார்கள். பெயர் ஒன்று, வந்த வழி வேறு.

கொலராடோ என்பது ஒரு மாநிலமா, ஆறா? எத்தனை கொலராடோ உண்டு?

பெரியவை மூன்று. கிராண்ட் கேன்யனைக் குடைந்த 2,330 கிலோமீட்டர் கொலராடோ ஒன்று. டெக்சாஸ் மாநிலத்துக்குள்ளேயே பிறந்து, ஆஸ்டின் நகரைக் கடந்து, மெக்சிகோ வளைகுடாவில் முடிவது இரண்டாவது. அர்ஜென்டினாவில், பட்டகோனியாவின் வடக்கு எல்லையில் ஓடுவது மூன்றாவது. செந்நிறமானது என்பது சொல்லின் பொருள். மாநிலத்துக்கு ஆற்றைப் பார்த்துத்தான் பெயர் வைத்தார்கள். ஆனால் அந்த மாநிலத்துக்குள் ஓடிய மேல்பகுதிக்கு 1921 வரை கிராண்ட் என்ற வேறு பெயர் இருந்தது. அந்த ஆண்டில்தான் அமெரிக்க நாடாளுமன்றம் அதையும் கொலராடோ ஆக்கியது.

1963-இல் கிளென் கேன்யன் அணை நீரைத் தேக்கத் தொடங்கியபின் செம்மண் அணைக்குள்ளேயே தங்கிவிடுகிறது. அணைக்குக் கீழே வருவது தெளிந்த, பச்சை நிற, குளிர்ந்த நீர். செந்நிற ஆறு தன் நிறத்தை இழந்து பெயரை மட்டும் வைத்துக்கொண்டிருப்பது எனக்கு வருத்தம் தரும் செய்தி.

பெரிய ஆறு, உப்பாறு என்பவை எல்லாம் மொழிபெயர்த்தால் ஒன்றுதானே?

ஆம். கேரளத்தின் பெரியாறு, ஒடிசாவின் மகாநதி, அமெரிக்க-மெக்சிகோ எல்லையின் ரியோ கிராண்டே, ஸ்பெயினின் குவாதல்கிவிர், அமெரிக்காவின் மிசிசிப்பி: ஐந்துக்கும் பொருள் பெரிய ஆறு. குவாதல்கிவிர், அரபியின் “அல்வாதி அல்கபீர்” சிதைந்து வந்தது. ரியோ கிராண்டே என்ற பெயரிலேயே பிரேசிலிலும் பொலிவியாவிலும் ஜமைக்காவிலும் வேறு ஆறுகள் இருக்கின்றன. மெக்சிகோக்காரர்கள் எல்லை ஆற்றை ரியோ பிராவோ என்கிறார்கள்.

உப்பாறு தமிழ்நாட்டில் சீர்காழிப் பக்கமும் தூத்துக்குடிப் பக்கமும் உண்டு, யாழ்ப்பாணத்திலும் உண்டு. அர்ஜென்டினாவில் சலாதோ என்ற பெயரில் மூன்று பெரிய ஆறுகள், அரிசோனாவில் சால்ட் ஆறு. நாக்கில் பட்ட உப்புக்கு எந்த ஊரிலும் ஒரே பெயர்தான்.

அப்படியென்றால் தேம்ஸ்? அது பொதுச்சொல் இல்லையே.

இல்லை. அது குடியேறியவர்கள் கையோடு கொண்டுபோன பெயர். மேல் கனடாவின் (இன்றைய ஒன்டாரியோவின் தென்பகுதி) துணைநிலை ஆளுநராக இருந்த ஜான் சிம்கோ, 1790-களில் அந்த ஆற்றுக்குத் தேம்ஸ் என்று பெயரிட்டார். கரையில் லண்டன் என்று ஒரு தலைநகரம் எழுப்ப வேண்டும் என்பது அவர் எண்ணம். நகரம் வந்தது, தலைநகரம் ஆகவில்லை. அதற்கு முன் அந்த ஆற்றின் பெயர் தேஷ்கன் ஸீபி. அங்குள்ள பூர்வகுடிகளான அனிஷினாபே மக்களின் மொழியில் மான்கொம்பு ஆறு என்று பொருள். இதில் வரும் “ஸீபி”யும் மிசிசிப்பியின் “சிப்பி”யும் ஒரே சொல், ஆறு என்று அர்த்தம். தன் மண்ணின் பெயரை வைத்துக்கொண்டவன் ஏங்கியிருப்பான் என்பது எனக்குப் புரிகிறது. ஆனால் அந்த மான்கொம்பு ஆறு வரைபடத்திலிருந்து போய்விட்டதே என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். 1813 அக்டோபர் 5-இல் ஷானி இனத் தலைவர் டெகும்சே வீழ்ந்த போருக்குத் தேம்ஸ் போர் என்று பெயர். இங்கிலாந்தில் நடந்தது என்று நினைத்துப் படிப்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள். அது நடந்தது இந்த ஆற்றங்கரையில்.

அமெரிக்காவின் கனெக்டிகட்டிலும் ஒரு தேம்ஸ், அதன் கரையில் நியூ லண்டன். நியூசிலாந்தில் கேப்டன் குக் 1769-இல் ஓர் ஆற்றுக்குத் தேம்ஸ் என்று பெயரிட்டார். அது நிலைக்கவில்லை. அந்த ஆறு இன்று மாவோரிப் பெயரான வைஹோ. பக்கத்து ஊர் மட்டும் தேம்ஸாகவே இருக்கிறது.

யோர்தான் ஆறு அமெரிக்காவில் எப்படி?

1847-இல் அமெரிக்காவின் யூட்டா வந்து சேர்ந்த மார்மன் என்ற கிறித்தவப் பிரிவினர் அங்கே ஒரு நன்னீர் ஏரியையும் ஓர் உப்பு ஏரியையும், இரண்டையும் இணைக்கும் ஆற்றையும் கண்டார்கள். கலிலேயா, சாக்கடல், யோர்தான் என்று விவிலியத்தில் படித்த மூன்றும் கண்முன்னே இருந்தன. பெயர் தானாக வந்தது. திசை மட்டும் மாறியிருக்கிறது. பழைய யோர்தான் தெற்கு நோக்கி ஓடும், யூட்டாவின் யோர்தான் வடக்கு நோக்கி ஓடும். தாஸ்மேனியாவிலும் ஒரு யோர்தான் உண்டு, அந்தப் பக்கம் எரிகோவும் பாக்தாதும்கூட ஊர்களாக இருக்கின்றன.

வெளிநாடு இருக்கட்டும். நம் காவிரி ஒன்றுதானே?

கரை புரண்டு வருவது ஒன்றுதான். ஆனால் மத்தியப் பிரதேசத்தில் ஓங்காரேஸ்வரம் அருகே நர்மதையில் சேரும் ஒரு காவிரி இருக்கிறது. அது நர்மதையில் கலக்காமலே குறுக்காகக் கடந்து, தீவின் மறுபக்கம் சுற்றி வருகிறது என்பது அங்குள்ளவர்களின் நம்பிக்கை. குஜராத்தின் தெற்கிலும் ஒரு காவிரி உண்டு. தமிழ்நாட்டுக்குள் பாலாறு ஒன்றுக்கு மேல், வெள்ளாறு வடக்கே ஒன்று தெற்கே ஒன்று, மணிமுத்தாறு நெல்லையில் ஒன்று, விருத்தாசலத்தில் ஒன்று. தாமிரபரணி என்ற பெயர் குழித்துறை ஆற்றுக்கும் உண்டு.

எழுதும்போது எப்படி வேறுபடுத்துவது?

ஊரைச் சேர்த்து எழுதுங்கள்: பிரிஸ்டல் ஏவன், கொமில்லா கோமதி. அல்லது எங்கே போய்ச் சேர்கிறது என்று ஒரு சொல்லில் சொல்லுங்கள். நீளத்தை மட்டும் வைத்து அடையாளம் சொல்லாதீர்கள், அளப்பவருக்கு அளப்பவர் அது மாறும். இணையத்தில் படம் தேடி எடுப்பவர்கள் மிகக் கவனமாக இருக்க வேண்டும். டெக்சாஸ் கொலராடோவைப் பற்றிய கட்டுரைக்கு கிராண்ட் கேன்யன் படம் போட்டிருப்பதை நானே பார்த்திருக்கிறேன்.

மறைந்த பழைய பெயர்கள் திரும்பி வருகின்றனவா?

சில இடங்களில் வருகின்றன. தாஸ்மேனியாவின் டேமார் ஆறு, இங்கிலாந்தின் டேமாரைப் பார்த்து வைத்த பெயர். இப்போது அதைப் பூர்வகுடிகளின் கனமலுக்கா என்ற பெயரோடு சேர்த்தே எழுதுகிறார்கள். நியூசிலாந்தின் கிறைஸ்ட்சர்ச் நகரின் நடுவே ஓடும் ஏவனுக்கு, அங்கே குடியேறிய ஸ்காட்லாந்துச் சகோதரர்கள் தங்கள் ஊர் ஏவனின் நினைவாகப் பெயரிட்டார்கள். 2011 நிலநடுக்கத்தில் அதன் கரைகள் குலைந்தன, கரையோரக் குடியிருப்புகள் காலியாயின. அந்த நிலத்தை மீட்டெடுக்கும் பணிகளில் மாவோரிப் பெயரும் முன்னுக்கு வந்திருக்கிறது: ஓட்டாகரோ. விளையாட்டு நடக்கும் இடம் என்று பொருள். பெரியவர்கள் ஆற்றில் உணவு தேடிக்கொண்டிருக்க, பிள்ளைகள் கரையில் விளையாடியதால் வந்த பெயர்.